எண் 72, செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டு

ஆங்கில இலக்கிய வரலாறு படித்த எவருக்கும் 1798 என்ற ஆண்டு மறக்காது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் இணைந்து ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பை வெளியிட்ட ஆண்டு அது. அதற்கு முன்னால் நியோகிளாசிக்கல் காலம், பின்னால் ரொமான்டிக் காலம் என்று வகுப்பில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். நடுவில் ‘மாறுதல் காலக் கவிஞர்கள்’ என்று ஒரு பத்தி இருக்கும். கிரே, காலின்ஸ், கௌப்பர், பர்ன்ஸ், பிளேக் என்று சில பெயர்களை அதில் வரிசையாக நிறுத்திவிட்டு, பாடநூல் அவசரமாக ஏரி மாவட்டத்துக்குப் போய்விடும்.

அந்த நடுப் பத்திக்கு லண்டனில் ஒரு முகவரி உண்டு. செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருவில் எண் 72. அங்கே 1770 முதல் 1809 வரை ஜோசப் ஜான்சன் என்பவர் புத்தகக் கடையும் பதிப்பகமும் நடத்தினார். கௌப்பரின் கவிதைகள் அங்கிருந்து வந்தன. வேர்ட்ஸ்வொர்த் முதன்முதலில் அச்சேற்றிய இரண்டு நூல்களும் அங்கிருந்துதான் வந்தன. ஓவியச் செதுக்கு வேலை கேட்டு வில்லியம் பிளேக் அந்தப் படியேறினார். வேலை இழந்து வந்த மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்கு அந்த வீடு தங்க இடமும் எழுதப் பணியும் கொடுத்தது. கோல்ரிட்ஜின் ‘ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்’ முதலில் அச்சானதும் அங்கேதான்.

ஆங்கிலக் கவிதையில் ஒரு யுகம் இன்னொரு யுகமாக மாறியது எப்படி என்று கேட்பவர்களுக்கு, இந்த ஒரு பதிப்பகத்தின் வரலாற்றைக் காட்டுவதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. அகராதி எழுதிய டாக்டர் சாமுவேல் ஜான்சன் வேறு, இவர் வேறு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடை திறந்த காலம்

ஜோசப் ஜான்சன் 1738 நவம்பர் 15 அன்று லிவர்பூலை அடுத்த எவர்டனில் பிறந்தார். பாப்டிஸ்ட் குடும்பம். 1754இல் லண்டனுக்கு வந்து ஜார்ஜ் கீத் என்ற புத்தக வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுப் பயிற்சி முடிந்ததும் தனிக்கடை போட்டார். அக்காலத்தில் பதிப்பாளர், விற்பனையாளர் என்று இரு தொழில்கள் பிரியவில்லை. கையெழுத்துப் படியை வாங்குவது, அச்சுக்கூடத்துக்குக் கொடுப்பது, தாள்களைத் தைப்பது, கடையில் விற்பது எல்லாமே புத்தக வியாபாரியின் பொறுப்பு.

அவர் கடை திறந்தபோது கவிஞர் அலெக்சாண்டர் போப் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் போப்பின் ஆட்சி முடிந்திருக்கவில்லை. ரோமில் அகஸ்டஸ் காலத்துக் கவிஞர்களான ஹொரேஸையும் வெர்ஜிலையும் முன்மாதிரியாகக் கொண்டு, அளவும் ஒழுங்கும் அறிவின் கூர்மையும் கவிதைக்கு உயிர் என்று கருதிய மரபு அது. ஒவ்வோர் அடியிலும் பத்து அசை, ஈரடிக்கு ஓர் இயைபு, ஈரடிக்குள் ஒரு கருத்து முடிந்துவிட வேண்டும். நகரத்துக் காப்பிக் கடைகளும் அரசியல் பகைகளும் நாகரிகச் சமூகத்தின் போலித்தனங்களும் அதன் பாடுபொருள். அங்கதத்துக்கு இதைவிடக் கூர்மையான கருவி ஆங்கிலத்தில் பிறகு உருவாகவில்லை என்றே நினைக்கிறேன். ரொமான்டிக் கவிஞர்களை உயர்த்துவதற்காகப் போப்பைத் தாழ்த்திப் பேசும் வழக்கம் நம் வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அது போப்புக்கு இழைக்கும் அநீதி.

அந்த மரபின் நடுவிலேயே வேறு குரல்கள் எழுந்துகொண்டிருந்தன. ஜேம்ஸ் தாம்சன் 1726 முதல் 1730 வரை எழுதிய ‘தி சீசன்ஸ்’ பருவங்களையே பாடுபொருளாக்கியது. எட்வர்ட் யங், ராபர்ட் பிளேர் இருவரும் 1740களில் இரவையும் கல்லறையையும் பாடினார்கள். தாமஸ் கிரேயின் இரங்கற்பா 1751இல் வந்தபோது, பெயர் தெரியாத கிராமத்து மனிதர்களின் புதைகுழிகள் ஆங்கிலக் கவிதைக்குள் நிரந்தரமாக இடம் பிடித்தன. ஜான்சன் கடை திறந்த காலத்தை ஒட்டி இன்னும் மூன்று சம்பவங்கள் நடந்தன. ஸ்காட்லாந்தின் பழங்கவி ஒசியனின் பாடல்கள் என்று சொல்லி 1760 முதல் ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் வெளியிட்ட நூல்கள் ஐரோப்பாவையே கிறங்கடித்தன. 1764 இறுதியில் ஹொரேஸ் வால்போல் ‘தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ’ எழுதி கோதிக் நாவலைத் தொடங்கினார். 1765இல் தாமஸ் பெர்சி பாதிரியார் பழைய நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். பின்னாளில் ரொமான்டிக் என்று பெயர் பெற்றதன் வேர்கள் பலவும் இந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஊன்றப்பட்டுவிட்டன.

ஜான்சன் இந்தப் புதுமைகளைத் தேடிப் போகவில்லை. அவர் தேடிப் போனது டிசென்டர்களை. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையில் சேர மறுத்த கிறிஸ்தவர்களை அப்படி அழைத்தார்கள். அவர்களால் ஆக்ஸ்ஃபோர்டில் சேர முடியாது, கேம்பிரிட்ஜில் பட்டம் பெற முடியாது. அரசுப் பதவிகளுக்கான சட்டத் தடை 1828 வரை நீடித்தது. கதவடைக்கப்பட்ட இந்த மக்கள் தங்களுக்கென்று கல்விக்கூடங்கள் கட்டினார்கள். 1757இல் தொடங்கிய வாரிங்டன் அகாடமி அவற்றுள் புகழ்பெற்றது. அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி அங்கே ஆசிரியராக இருந்தார். வாரிங்டன் வட்டத்தின் நூல்களை ஜான்சன் வெளியிட்டார். பிற்காலத்தில் அவரே, திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் கொள்கைப் பக்கம் சாய்ந்தார். கிரேக்க, லத்தீன் மரபைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லாத, வாழும் ஆங்கிலத்தில் சிந்திக்கிற, அதிகாரத்தைக் கேள்வி கேட்கப் பழகிய ஒரு வாசகர் கூட்டம் இப்படித்தான் உருவாயிற்று. ரொமான்டிக் கவிதைக்கு வாசகர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

தீயும் புதிய வீடும்

1770 ஜனவரியில் பேட்டர்நாஸ்டர் ரோவில் இருந்த ஜான்சனின் கடை தீக்கிரையானது. சரக்கு முழுவதும் போயிற்று. அவரோடு அந்த வீட்டில் தங்கியிருந்த சுவிட்சர்லாந்து ஓவியர் ஹென்றி ஃபியூஸ்லியின் உடைமைகளும் எரிந்தன. நண்பர்கள் கை கொடுத்தார்கள். அதே ஆண்டில் எண் 72இல் புதிய கடை திறந்தது. அதன்பின் ஜான்சன் இடம் மாறவே இல்லை.

புதிய கடையின் முதல் பெரும் வெற்றி ஓர் இளம்பெண்ணின் கவிதை நூல். வாரிங்டன் ஆசிரியர் ஒருவரின் மகளான ஆனா லெட்டிஷியா எய்க்கின், பின்னாளில் பார்போல்ட் என்ற பெயரால் அறியப்பட்டவர், 1773இல் தம் கவிதைகளை இங்கே வெளியிட்டார். விரைவிலேயே மறுபதிப்புகள் வந்தன. அதில் ஒரு கவிதை, காற்று பற்றிய ஆய்வுக்காகப் பிரீஸ்ட்லி கூண்டில் பிடித்து வைத்திருந்த எலி தன்னை விடுவிக்கும்படி முறையிடுவது. ராபர்ட் பர்ன்ஸ் ஏர்முனையில் சிக்கிய வயலெலியைப் பார்த்து எழுதிய கவிதை எல்லாருக்கும் தெரியும். அது வெளியானது 1786இல். பார்போல்டின் எலி பதின்மூன்று ஆண்டு மூத்தது என்பதை எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்?

அடுத்த ஆண்டில், 1774இல், பதிப்புலகையே புரட்டிப்போட்ட தீர்ப்பு ஒன்று வந்தது. ஒரு நூலின் உரிமையை வாங்கிவிட்டால் அது என்றென்றைக்கும் தமக்கே சொந்தம் என்று லண்டன் வியாபாரிகள் சொல்லி வந்தார்கள். டொனால்ட்சன் எதிர் பெக்கெட் வழக்கில் பிரபுக்கள் சபை அதை மறுத்து, காப்புரிமைக்குக் கால எல்லை உண்டு என்று முடிவு செய்தது. பழைய கவிஞர்கள் அனைவரும் மலிவுப் பதிப்புகளில் வரத் தொடங்கினார்கள். ஷேக்ஸ்பியரும் மில்டனும் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தார்கள். பழைய பெயர்களின் உரிமையை வைத்தே காலந்தள்ள முடியாது என்ற நிலையில் புதிய எழுத்தாளர்களைத் தேடுவதற்கும் இது தூண்டுகோல் ஆகியிருக்கும் என்று கருதுகிறேன். இலக்கிய இயக்கங்களைப் பற்றிப் பேசும்போது நாம் தத்துவத்தைப் பேசுகிறோம், புரட்சியைப் பேசுகிறோம். புத்தகத்தின் விலையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

ஒரு கணப்பு, இரண்டு கவிதைகள்

இந்தப் பதிப்பகம் ஆங்கிலக் கவிதைக்குச் செய்த தொண்டை ஒரே எடுத்துக்காட்டில் காட்டச் சொன்னால் நான் வில்லியம் கௌப்பரை எடுப்பேன்.

கௌப்பர் சட்டம் படித்தவர். 1763இல் மனநோய் தாக்கி, தற்கொலைக்கும் முயன்றவர். பிறகு ஊர்ப்புறத்தில் ஒதுங்கி, ஓல்னி என்ற சிற்றூரில் மேரி அன்வின் அம்மையாரின் பராமரிப்பில் வாழ்ந்தார். அவ்வூர்ப் பாதிரியார் ஜான் நியூட்டன், ஒருகாலத்தில் அடிமைக் கப்பல் தலைவராக இருந்து மனம் மாறியவர். இருவரும் எழுதிய ‘ஓல்னி ஹிம்ஸ்’ 1779இல் வந்தது. நியூட்டன் வழியாகவே கௌப்பர் ஜான்சனிடம் வந்தார்.

1782இல் கௌப்பரின் முதல் கவிதை நூலை ஜான்சன் தம் செலவில் வெளியிட்டார். அதற்கு நியூட்டன் எழுதிய முன்னுரை மிகவும் பக்திமயமாக இருந்தது. பொதுவாசகர் இதைப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுவார் என்று ஜான்சன் சொல்ல, முன்னுரை நீக்கப்பட்டது. கவிதை வரிகளிலும் அவர் திருத்தங்கள் சொன்னார், கௌப்பர் பணிவோடு ஏற்றார். அந்த நூலின் பெரும்பகுதி போப்பின் வழியில் இரட்டையடியில் அமைந்த அறவுரைகள்தான். விற்பனை சொல்லும்படி இல்லை. ஜான்சன் கைவிடவில்லை. மூன்றாண்டு கழித்து, ஆஸ்டின் சீமாட்டி விளையாட்டாகச் சொன்ன ‘சோபாவைப் பற்றி எழுதுங்களேன்’ என்ற யோசனையில் தொடங்கி ஆறு காண்டங்களாக வளர்ந்த ‘தி டாஸ்க்’ வந்தது. இயைபு இல்லை, அங்கதத்தின் விறைப்பு இல்லை. தோட்டம், நடைபாதை, குளிர்கால மாலை, செய்தித்தாள், தேநீர், அடிமை வணிகத்தின் மீது சினம் என்று ஒரு மனம் போகும் வழியெல்லாம் கவிதை போயிற்று. நாடெங்கும் அதை வாசித்தார்கள். அகஸ்டன் மரபில் நுழைந்து அதிலிருந்து வெளியே வந்த பயணம் முழுவதையும் ஒரு கவிஞர் மூன்றே ஆண்டுகளில், ஒரே பதிப்பாளரின் நிழலில் முடித்துவிட்டார். பின்னர் அவருடைய ஹோமர் மொழிபெயர்ப்புக்கு ஜான்சன் ஆயிரம் பவுண்டு கொடுத்து, உரிமையையும் கவிஞரிடமே விட்டார்.

‘தி டாஸ்க்’ நான்காம் காண்டத்தில் ஒரு காட்சி வருகிறது. குளிர்கால மாலை. விளக்கேற்றுவதற்கு முன்னான அந்திப்பொழுதில் கவிஞர் கணப்பின் முன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கனலும் கங்குகளில் கோபுரங்களும் மரங்களும் முகங்களும் தெரிகின்றன. கணப்புக் கம்பியில் ஒட்டி ஆடும் கரிப்படலத்தைப் பார்க்கிறார். அப்படி ஆடினால் யாரோ விருந்தாளி வரப்போகிறார் என்பது ஊர் நம்பிக்கை. மனம் எதையும் செய்யாமல், பாதி விழிப்பில் மிதக்கிறது. தம் சோம்பலைத் தாமே சற்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லிவிட்டுக் கவிஞர் நகர்ந்துவிடுகிறார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1798 பிப்ரவரியில், சாமர்செட்டில் நெதர் ஸ்டோவி என்ற ஊரில் கோல்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறார். நள்ளிரவு. வெளியே உறைபனி. பக்கத்தில் தொட்டிலில் மகன் ஹார்ட்லி தூங்குகிறான். கணப்புக் கம்பியில் அதே கரிப்படலம் ஆடுகிறது. அதே ஊர் நம்பிக்கை. ஆனால் கௌப்பர் நின்ற இடத்தில் கோல்ரிட்ஜ் நிற்கவில்லை. அந்த ஆட்டம் அவரைப் பள்ளிக்காலத்துக்கு இழுத்துப் போகிறது. விடுதியில் ஊரை நினைத்து ஏங்கிய சிறுவனாகிறார். அங்கிருந்து பிறந்த ஊரின் மணியோசைக்குப் போகிறார். பிறகு தூங்கும் குழந்தைக்குத் திரும்பி, தனக்குக் கிடைக்காத ஏரிகளும் மலைகளும் இவனுக்குக் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார். கௌப்பருக்குப் பொழுதுபோக்காக இருந்த அரைவிழிப்பு, கோல்ரிட்ஜிடம் நினைவும் கற்பனையும் வேலை செய்யும் முறையாகவே ஆகிவிட்டது. முன் ரொமான்டிக் என்பதற்கும் ரொமான்டிக் என்பதற்கும் வேறுபாடு என்ன என்று தேர்வில் கேட்டால் இந்த இரு கவிதைகளையும் அடுத்தடுத்து வைத்து விளக்கினால் போதும். இரண்டையும் அச்சிட்டு விற்றது அதே எண் 72தான்.

கோல்ரிட்ஜ் இந்தக் கடனை மறைத்ததில்லை. இயல்பான எண்ணங்களை இயல்பான சொற்களில் முதலில் இணைத்தவர்கள் என்று தம் காலத்துக் கவிஞர்களில் கௌப்பரையும் பௌல்ஸையும் அவர் ‘பயாகிராஃபியா லிட்டரேரியா’வில் குறிப்பிட்டிருக்கிறார்.

மாடியறை விருந்து

கடைக்கு மேலே கோணல்மாணலான ஒரு சிறிய அறை இருந்தது. அங்கே ஜான்சன் வாரந்தோறும் தம் எழுத்தாளர்களுக்குச் சாப்பாடு போட்டார். வேகவைத்த மீன், காய்கறி, அரிசி புட்டிங் என்று எளிய உணவுதான். சுவரில் ஃபியூஸ்லியின் ‘நைட்மேர்’ ஓவியம் தொங்கியது. உறங்கும் பெண்ணின் மார்பில் பூதம் குந்தியிருக்கும் அந்தப் படம் 1782இல் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்து லண்டனை உலுக்கியது. கோதிக் கற்பனையின் தலைசிறந்த ஓவியத்துக்குக் கீழே உட்கார்ந்து, பகுத்தறிவைப் பேசியவர்கள் மீன் சாப்பிட்டார்கள்.

டாக்டர் ஜான்சனும் ஜோஷுவா ரெனால்ட்ஸும் 1764இல் ஜெரார்ட் தெருவின் டர்க்ஸ் ஹெட் விடுதியில் தொடங்கிய இலக்கியக் கழகம் பெரிதும் புகழ்பெற்றது. அதில் பெண்களுக்கு இடம் இல்லை. ஜோசப் ஜான்சனின் மேசையில் இருந்தது. எனக்கு இது சின்ன வேறுபாடாகத் தெரியவில்லை.

1787இல் அயர்லாந்தில் பிரபு வீட்டு ஆசிரியைப் பணியை இழந்து மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் லண்டன் வந்தார். அதே ஆண்டில்தான் பெண்பிள்ளைகளின் கல்வி பற்றிய அவருடைய முதல் நூலை ஜான்சன் வெளியிட்டிருந்தார். பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அருகே அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். மொழிபெயர்ப்பு வேலை கொடுத்தார். 1788 மே மாதம் தாமஸ் கிறிஸ்டியுடன் சேர்ந்து ‘அனலிட்டிகல் ரிவ்யூ’ என்ற மாத இதழைத் தொடங்கியபோது அதில் மதிப்புரை எழுதும் பொறுப்பையும் கொடுத்தார். எழுத்தை நம்பி ஒரு பெண் தனியாக வாழலாம் என்பதை அன்றைய லண்டனில் நடைமுறையில் காட்டியவர்களில் வுல்ஸ்டன்கிராஃப்ட் முன்னணியில் நிற்கிறார். அதற்குப் பின்னணியில் நின்றவர் ஜான்சன்.

1790 நவம்பரில் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதியதும், அதற்கு மறுப்பு எழுத வுல்ஸ்டன்கிராஃப்ட் உட்கார்ந்தார். அவர் எழுத எழுதத் தாள்கள் அச்சுக்குப் போயின. பாதியில் சோர்வு வந்து, தொடர முடியவில்லை என்று ஜான்சனிடம் போய்ச் சொன்னார். ஜான்சன் கடிந்துகொள்ளவில்லை, அச்சானதை எறிந்துவிடலாம், கவலை வேண்டாம் என்றார். அந்தப் பதில் வுல்ஸ்டன்கிராஃப்டின் ரோஷத்தைக் கிளறிவிட்டது. வீட்டுக்குப் போய் முழுவதையும் எழுதி முடித்தார். பின்னாளில் அவரை மணந்த வில்லியம் காட்வின் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இச்செய்தி இருக்கிறது. எழுத்தாளரை அறிந்த பதிப்பாளர் எப்படி இருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இரண்டாண்டில் பெண்களின் உரிமை பற்றிய அவருடைய பெருநூல் அதே கடையிலிருந்து வந்தது.

1791 நவம்பரில், ‘ரைட்ஸ் ஆஃப் மேன்’ எழுதிய தாமஸ் பெய்னைச் சந்திக்கலாம் என்று காட்வின் அந்த விருந்துக்கு வந்தார். வுல்ஸ்டன்கிராஃப்ட் பேசிக்கொண்டே இருந்ததால் பெய்ன் பேச்சைக் கேட்க முடியவில்லை என்று மனத்தாங்கலோடு போனார். அதே இருவர் 1797இல் மணந்துகொண்டார்கள். அவர்கள் மகள் மேரி பிறந்த சில நாட்களில் தாய் இறந்தார். அந்த மகள்தான் 1818இல் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ வெளியிட்ட மேரி ஷெல்லி.

பிளேக்குக்கு இந்த வீடு முதன்மையாகக் கூலி கொடுத்த இடம். வுல்ஸ்டன்கிராஃப்டின் சிறுவர் கதைகளின் 1791ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அவர் படங்கள் வரைந்து செதுக்கினார். எராஸ்மஸ் டார்வினின் ‘தி பொட்டானிக் கார்டன்’ நூலுக்கும் தகடுகள் செய்தார். பிளேக்கின் ‘தி ஃபிரெஞ்ச் ரெவல்யூஷன்’ கவிதையின் முதல் காண்டத்தை 1791இல் ஜான்சன் அச்சுக்கோத்தார். ஆனால் வெளியிடவில்லை. இன்று அதன் மெய்ப்புப் படி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. பெய்னின் ‘ரைட்ஸ் ஆஃப் மேன்’ நூலையும் அதே ஆண்டில் அச்சிட்டுவிட்டுப் பின்வாங்கினார். அது வேறொருவர் மூலம் வந்தது. ஆட்சியாளர்களின் கெடுபிடியை நினைத்துத் தயங்கியிருக்கலாம். அவருடைய தொண்டைப் போற்றும்போது இந்தத் தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தன்னைச் சார்ந்து பல குடும்பங்கள் இருக்கும்போது ஒரு வியாபாரி எதற்கு அஞ்சினார், எதற்கு அஞ்சவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்ததன் எடை தெரியும்.

அம்பும் இலக்கும்

1793 ஜனவரியில் வேர்ட்ஸ்வொர்த்துக்கு வயது இருபத்திரண்டு. பிரான்சில் காதலி அனெட் வலோனையும் அவர்கள் குழந்தையையும் விட்டுவிட்டுப் பணமில்லாமல் திரும்பியிருந்தார். ‘ஆன் ஈவ்னிங் வாக்’, ‘டிஸ்க்ரிப்டிவ் ஸ்கெட்சஸ்’ என்ற இரு நூல்களை ஜான்சன் வெளியிட்டார். இரட்டையடியை ஒழித்தவர் என்று நாம் கொண்டாடும் கவிஞரின் முதல் இரு நூல்களும் இரட்டையடியில் அமைந்தவை! கேம்பிரிட்ஜில் இருந்த கோல்ரிட்ஜ் 1794இல் இரண்டாவது நூலைப் படித்து, இவன் பெருங்கவி என்று அப்போதே கண்டுகொண்டார். பின்னாளில் உலகம் போற்றிய நட்பு அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் முளைவிட்டது.

அன்றைக்கு அந்தக் கடையில் அதிகம் விற்ற கவிஞர்களில் ஒருவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த டார்வினின் பாட்டனார். தாவரங்களின் காதலைத் தேவதைகளும் உருவகங்களும் நிறைந்த பளபளப்பான இரட்டையடிகளில் பாடியவர். 1798இல் ‘லிரிக்கல் பேலட்ஸ்’ முன்குறிப்பும் 1800ஆம் ஆண்டுப் பதிப்பின் புகழ்பெற்ற முன்னுரையும் எந்த ஆடம்பர நடையை எதிர்த்தனவோ, அந்த நடையின் உச்சம் டார்வின். எய்தவர்களும் இலக்கானவரும் ஒரே கடையில் நூல் கொடுத்தவர்கள்.

‘லிரிக்கல் பேலட்ஸ்’ நூலும் இங்கேயே வந்திருக்கக் கூடும். பிரிஸ்டலில் ஜோசப் காட்டில் அச்சிட்ட அந்த 500 படிகளின் உரிமையை ஜான்சனுக்கு மாற்றித் தரும்படி வேர்ட்ஸ்வொர்த் கேட்டார். அதற்குள் காட்டில் அதை லண்டனில் ஆர்ச் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பின்னர் காட்டிலின் உரிமைகளை லாங்மேன் வாங்கியபோது இந்நூலின் மதிப்பைச் சுழியம் என்று குறித்தார்கள்! காட்டில் அதைத் திரும்பப் பெற்றுக் கவிஞருக்கே கொடுத்துவிட்டார்.

ஷார்லட் ஸ்மித்தைப் பற்றி ஒரு சொல். 1784இல் வந்த இவருடைய துயரச் சானெட்டுகள்தான் அந்த வடிவத்துக்கு ஆங்கிலத்தில் மறுவாழ்வு கொடுத்தன. 1791இல் பிரான்சுக்குப் புறப்பட்ட வேர்ட்ஸ்வொர்த் வழியில் பிரைட்டனில் இவரைப் போய்ப் பார்த்தார். இவருடைய கடைசிக் கவிதை நூலான ‘பீச்சி ஹெட்’டை, அவர் மறைந்த மறு ஆண்டில், 1807இல், ஜான்சன் வெளியிட்டார். ஆங்கிலக் கவிதை இவருக்குப் பட்ட கடன் பெரிது, அது நினைக்கப்படப் போவதில்லை என்று முதுமையில் வேர்ட்ஸ்வொர்த் அடிக்குறிப்பு எழுதினார். அவர் சொன்னது நெடுங்காலம் பலித்தது.

சிறை

1798இல் லேண்டாஃப் பிஷப் ரிச்சர்ட் வாட்சன், பிரான்சுக்கு எதிரான போருக்கு மக்கள் வரி கொடுத்து உதவ வேண்டும் என்று துண்டுநூல் எழுதினார். கில்பர்ட் வேக்ஃபீல்ட் என்ற அறிஞர் அதற்கு மறுப்பு எழுதினார். சுமக்கிற கழுதைக்கு எசமானர் மாறினால் என்ன, சுமை இரட்டிக்கவா போகிறது என்ற பழைய ஈசாப் கதையை எடுத்துச் சொல்லி, ஏழைகள் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்த நூலைக் கடையில் விற்றார் என்று ஜான்சன் மீது அரசு வழக்குத் தொடுத்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர் தாமஸ் எர்ஸ்கின் வாதாடியும் ஜூலை 17 அன்று குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. இதே பிஷப்புக்கு வேர்ட்ஸ்வொர்த்தும் 1793இல் காரசாரமான மறுப்புக் கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அது கையெழுத்துப் படியாகவே இருந்து, கவிஞர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் 1876இல்தான் அச்சேறியது. அப்போதே வந்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்!

தண்டனை அறிவிப்புக்குக் காத்திருந்த மாதங்களில்தான் கோல்ரிட்ஜ் லண்டன் வந்து ஜான்சனைச் சந்தித்தார். ‘ஃபியர்ஸ் இன் சாலிட்யூட்’, ‘ஃபிரான்ஸ்: ஆன் ஓட்’, ‘ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்’ மூன்றும் ஒரே சிறுநூலாக வெளிவந்தன. 1799 பிப்ரவரியில் ஆறு மாதச் சிறையும் 50 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். ஆயுள் முழுவதும் ஆஸ்துமாவோடு போராடிய அறுபது வயது மனிதர் கிங்ஸ் பெஞ்ச் சிறைக்குப் போனார். வளாகத்தில் வீடு எடுத்துத் தங்கி, அங்கும் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். ‘அனலிட்டிகல் ரிவ்யூ’ பிழைக்கவில்லை. வேக்ஃபீல்ட் டார்செஸ்டர் சிறையில் இரண்டாண்டு இருந்து, 1801இல் விடுதலையான சில மாதங்களில் இறந்தார்.

விடுதலையான ஜான்சன் தொழிலை விடவில்லை. மரியா எட்ஜ்வொர்த்தின் ‘காஸில் ரேக்ரென்ட்’ 1800இல் வந்தது. 1809 டிசம்பர் 20 அன்று ஜான்சன் காலமானார். ஃபுலமில் அடக்கம் செய்தார்கள். உறவினர்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். பார்போல்ட் 1812இல் வெளியிட்ட ‘எய்ட்டீன் ஹண்ட்ரட் அண்ட் இலெவன்’ என்ற போர் எதிர்ப்புக் கவிதையை அவர்கள்தான் பதிப்பித்தார்கள். விமர்சகர்கள் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். 1940 டிசம்பர் 29 இரவில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் செயின்ட் பால் பேராலயத்தை ஒட்டிய புத்தகத் தெருக்கள் எரிந்து, இலட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. ஜான்சனின் கடைசிப் பதினான்கு ஆண்டுக் கடிதப் பேரேடு இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

இந்த வீட்டில் உண்டவர்கள், எழுதியவர்கள் யாரும் தம்மை ரொமான்டிக் இயக்கத்தார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெயரைப் பின்வந்தவர்கள் சூட்டினார்கள். ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வேர்ட்ஸ்வொர்த் முன்னுரையோடு பாடத்தைத் தொடங்காதீர்கள். பார்போல்டின் எலியையும் ஸ்மித்தின் ஒரு சானெட்டையும் ‘தி டாஸ்க்’ நான்காம் காண்டத்தையும் முதலில் வாசிக்கக் கொடுங்கள். மாணவர்களே, அந்தக் காண்டத்தில் கணப்பு வரும் பகுதியைப் படித்த அன்றைக்கே ‘ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்’ கவிதையையும் படியுங்கள்.